புஸ்வாணப் பெட்டியில் கரிசல் மண்

என் அப்பாவின் கையில் எந்தப் பொடி கிடைத்தாலும் அதைச் சலித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மிளகாய்ப்பொடி, கேப்பை மாவு, வாசலில் போடுகிற கோலப்பொடி, எதுவானாலும் சரி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு மருந்து சலிக்கிற வேலை. மருந்துக்குள் பொடிக்கல் ஒன்று கிடந்து உரசினால் போதும், அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். அதனால் வருஷக்கணக்காகச் சலித்து, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சோற்றைத்தான் இன்னும் சல்லடையில் போடவில்லை என்று அம்மா கேலி செய்வாள். அந்தப் பழக்கம் ஒருநாள் எங்களைப் போலீஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர் வழியாக நாலுவழிச் சாலை போகப்போகிறது என்று வயல்காட்டில் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு உச்சியில் மஞ்சள் பெயின்ட். எங்களுக்கு இருந்தது மொத்தம் எழுபது சென்ட் கரிசல். மானாவாரி. மழை பெய்தால் உளுந்தோ மல்லியோ போடுவோம், பெய்யாவிட்டால் போட மாட்டோம். அந்த எழுபது சென்ட்டும் சாலைக்குள் போய்விட்டது.

எங்கள் நிலத்தை ஒட்டி ஓர் ஓடை. ஓடை என்றால் வருஷத்தில் ஒரு வாரம் தண்ணீர் ஓடும், மீதி நாள் ஆடுகள் ஓடும். ஓடைக்கு அந்தப் பக்கம் பாய் மாமாவின் நிலம். அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கடை வைத்திருந்தார். அவருடைய நிலத்தையும் அப்பாதான் உழுது விதைத்து, விளைந்ததில் பங்கு கொடுப்பார். ஒரே டிராக்டர், ஒரே விதை, ஒரே மழை. எந்த வருஷமும் ஓடைக்கு அந்தப் பக்கம் விளைந்து இந்தப் பக்கம் காய்ந்ததில்லை. காய்ந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் காயும்.

ஆனால் அந்த ஓடைதான் இரண்டு கிராமத்துக்கும் எல்லையாம். எங்கள் பக்கம் நிலம் விற்றதே அபூர்வம், விற்றவர்களும் பத்திரத்தில் விலையைக் குறைச்சலாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கிராமத்தில் யாரோ பிளாட் போட்டு நல்ல விலைக்கு விற்றிருந்தார்கள். அதை வைத்து அவர்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை என்று நோட்டீஸ் வந்தது. பாய் மாமாவுக்குச் சென்ட்டுக்கு என்ன போட்டிருந்தார்களோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் எங்களுக்கு. அப்பா நோட்டீஸை வாங்கி, மடித்து, மறுபடி பிரித்து, கோபம் வந்தால் வழக்கமாகப் பேசுவதுபோல் யாரையும் பார்க்காமல் பேசினார். "ஓடையத் தாண்டுனா தங்கம், இங்கன வந்தா தவிடா? ரோடு ஒரே ரோடுதானய்யா போகுது?"

அம்மா கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல விலை வந்தால் கிணறு உள்ள தோட்டமாக ஓர் ஏக்கர் வாங்குவது, வாங்கின அன்றைக்கே அப்பா மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிடுவது என்று அவள் மனதில் முடிவு செய்து வைத்திருந்தாள். சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிற்கும்போது, அப்பா இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் உலை வைப்பாள். தீப்பெட்டி ஆபீஸில் அவளுக்கும் வேலை உண்டு. ஆனாலும் எப்படியாவது வேனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவாள். மூன்றில் ஒரு பங்குக் காசுக்குக் கிணற்றுத் தோட்டம் இல்லை, கிணற்றில் ஒரு படிகூட வராது. அப்பா சலித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டு மூன்று தடவை மனு எழுதிப் போட்டார்கள். பதில் இல்லை. அப்புறம்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. காகிதத்தில் எழுதினால்தானே புரியவில்லை, இரண்டு மண்ணையும் கொண்டுபோய் அதிகாரி மேஜையில் வைத்துவிட்டால்? எது யார் மண் என்று அவர்களே சொல்லட்டும். இந்த யோசனை வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் ஒரு கைப்பிடி மண் எடுப்பது அப்பாவுக்கு ஆகாது. அதனால் பாய் மாமாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் பேசியது எனக்கே கேட்டது, அவருக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. "மண்ணு மட்டும் வந்து என்ன தம்பி செய்யப்போகுது? வாயா இருக்கு அதுக்கு? திங்கக்கெழமை கடைக்கு வந்துருங்க, நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி மண் எடுத்தார். எடுத்து வந்ததும் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் காய வைத்து, கட்டியை நுணுக்கி, வேரையும் சுக்கான் கல்லையும் நீக்கி, துணியில் இரண்டு தடவை சலித்தார். மை மாதிரி கறுப்பாக, விரலில் ஒட்டாமல் வழுகுகிற பொடியாக ஆகிவிட்டது. பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த இரண்டு காலிப் புஸ்வாணப் பெட்டிகளை எடுத்தார். இரண்டும் ஒரே அளவு, யாரும் குறை சொல்ல முடியாது. மயில் படம் போட்ட பெட்டியில் எங்கள் மண், ரோஜாப்பூ போட்ட பெட்டியில் பாய் மாமா மண். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆர்டருக்கு லோடு அனுப்புறீகளா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அம்மாதான். பிள்ளையைப் பார்த்தால் அதிகாரிக்கு இரக்கம் வருமாம். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியாகிவிட்டது. தேவைப்பட்டால் அழ வேண்டும் என்றும், எப்போது அழ வேண்டும் என்பதை அப்பா தோளில் தட்டிச் சொல்வார் என்றும் எனக்குச் சொல்லித் தரப்பட்டது. நான் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

திங்கள்கிழமை காலையில் விருதுநகரில் பாய் மாமாவின் கடைக்குப் போனோம். கடை முழுக்க மூட்டை மூட்டையாக வத்தல். உள்ளே காலை வைத்ததும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "வாங்க தம்பி, வா தாயி" என்று சொல்லி அவர் என் கையில் நாலைந்து பேரீச்சம்பழத்தை வைத்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, முன்பல் ஒன்று இல்லை. அந்த இடைவெளி வழியாகச் சிரிப்பார்.

நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு அங்கே இரண்டு பேர் வந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் கொடுத்தவர்கள். அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாய் மாமாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் தும்மியதில் பாதிதான் காதில் விழுந்தது. "பாதிப் பணந்தான் கைக்கு வந்துருக்கு. இப்பப் போயி எதுக்கு நோண்டுறீக பாய்? ஒங்க சோலியப் பாத்துக்கிட்டுச் சும்மா இருங்க." பாய் மாமா கடைப்பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர்கள் எதற்காக அவ்வளவு கோபப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வத்தல் விலையில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டேன். பழத்தின் கொட்டையை எங்கே துப்புவது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த கவலை.

அப்பா அந்த ஆபீஸைப் பெரிய ஆபீஸ் என்றுதான் சொல்வார், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை மனுக் கொடுக்க ஊர்ப்பட்ட கூட்டம். வாசலில் போலீஸ் நின்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டு வந்து மேலே ஊற்றிக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக. அப்பா பெருமையாக இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் வைத்தார்.

ஒரு போலீஸ் அக்கா மயில் பெட்டியைத் திறந்தார். உள்ளே சலித்து வைத்த கறுப்புப் பொடி. ரோஜாப் பெட்டியைத் திறந்தார். அதிலும் அதே. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளிப் பூச்சு. "எங்க வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். அப்பா எப்போதும் உண்மை பேசுகிற ஆள். பட்டாசுக் கம்பெனியில், மருந்து சலிக்கிறேன் என்றார்.

அவ்வளவுதான். வரிசை காலியாகிவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டையா, அதுவரை நடக்க முடியாமல் தடியூன்றி வந்தவர், தடியை விட்டுவிட்டு ஓடினார். அப்பாவை இரண்டு பேர் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார்கள். அவர் "மண்ணுங்கய்யா, மண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனார். பாய் மாமா இன்ஸ்பெக்டரிடம் கைகூப்பி, மேலும் கீழும் கையை ஆட்டி, ஓடை, டிராக்டர், கிராம எல்லை என்று முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் அப்போதே அழுதிருக்கலாம். ஆனால் அப்பா தோளில் தட்டவில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் வயதான ஏட்டையா ஒருவர் வந்தார். ஒரு செய்தித்தாளை மரத்தடியில் விரித்து, இரண்டு பெட்டியையும் இரண்டு குவியலாகக் கொட்டினார். ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார், மோந்தார், நாக்கில் வைத்தார். எல்லோரும் தள்ளி நின்று அவரையே பார்த்தார்கள். "ஏ, நம்ம கரிசலுல்ல இது! இத எதுக்குய்யா இப்பிடிப் பவுடராக்கி வச்சிருக்கீரு?" என்று சிரித்தார். அப்பாவுக்கு உயிர் வந்தது. ஆனாலும் பேர், ஊர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். "ஏ பாப்பா, நீ மண்ண அள்ளிப் பெட்டில போடு" என்று ஏட்டையா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். கையால் அள்ளினால் பாவாடை அழுக்காகும் என்று செய்தித்தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். இரண்டு குவியலும் நடுவில் சரிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன. பிரிக்கலாம் என்று குனிந்து பார்த்தேன். எது எங்கள் மண், எது பாய் மாமா மண் என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.  அப்பா ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டதை நான் ஒரு நொடியில் பாழாக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. வீட்டில் பொரிகடலையைத் தம்பிக்கும் எனக்கும் பிரிப்பதுபோல, மயிலுக்கு ஒரு கை, ரோஜாவுக்கு ஒரு கை என்று சரிபாதியாக அள்ளிப் போட்டு மூடிவிட்டேன். பாவாடை அழுக்காகத்தான் ஆயிற்று.

உள்ளே அதிகாரி ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, குரல் உயர்த்தாமல் பேசினார். வாசலில் நடந்த கூத்து அவர் காதுக்கும் போயிருந்தது போலும், பெட்டியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். அப்பா மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். எது யார் மண் என்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் நான் பேசாமல் போய்விடுகிறேன் என்றார். அந்த அம்மா மெய்யாகவே இரண்டு உள்ளங்கையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் அழுக்குப் பாவாடையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"ஒரே மண்ணுதான், ஒத்துக்கறேன்" என்றார். அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பொய்ச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. அந்த அம்மா மண்ணைப் பெட்டியில் போட்டுக் கையைத் தட்டிவிட்டு, பாய் மாமாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலை வேணும்னு கேக்கறீங்க. கேக்கறது நியாயம். ஆனா ஒரே விலைன்னு எடுத்தா, இவருக்குக் குறைச்சலாப் போட்டோமா, இல்ல உங்களுக்குக் கூடப் போட்டுட்டோமான்னு ரெண்டையுந்தான் பாப்பாங்க. மேல என்ன முடிவு எடுப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது. நீங்க என்ன சொல்றீங்க?"

பாய் மாமா தொப்பியைக் கழற்றி, தலையைக் கைக்குட்டையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பாடம் படிக்காமல் வந்த பையனைக் கேள்வி கேட்டால் பாய் மாமா நின்ற மாதிரிதான் நிற்பான். பாவம், அவருக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"கூடப் போட்டீகளோ கொறச்சுப் போட்டீகளோ, ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போடுங்கம்மா" என்றார் அவர். "எழுதிக்கோங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து எனக்குள் அடைத்து வைத்திருந்த அழுகை பீறிட்டு வந்துவிட்டது. கலந்த மண், போலீஸ், அழுக்குப் பாவாடை எல்லாம் சேர்ந்து ஓவென்று அழுதேன். அப்பா தட்டவே இல்லை. அந்த அம்மா பதறிப்போய் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

மேலேயிருந்து உத்தரவு வர இரண்டு வருஷம் ஆயிற்று. பாய் மாமாவின் விலையைக் குறைக்கவில்லை, எங்கள் பக்கத்து விலையைத்தான் அதற்குச் சமமாக ஏற்றினார்கள். எங்களுக்கு மட்டுமல்ல, ஓடைக்கு இந்தப் பக்கம் நிலம் கொடுத்த எல்லோருக்கும். அப்பா மருந்து அறையை விட்டு வந்தார். முதல் முறையாக வேன் வராத சாயங்காலத்தில் அம்மா வெளிச்சமாக இருக்கும்போதே உலை வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மண்தான் ஜெயித்தது என்று பேச்சு. நான் மறுத்ததில்லை.

இப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் டிசைன் செய்கிறேன். போன வருஷம் பாய் மாமாவின் மகள், தன் மகளுடைய கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்கள். பாய் மாமா இறந்து அப்போது நாலு வருஷம். நான் யார் என்று தெரிந்ததும், "ஒங்க வீட்டாளுகளாலதான் நான் ரெண்டு வருஷம் கெழவியானேன்" என்று சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னார்கள். அன்றைக்கு வந்திருந்த பாதிப் பணம் அவர்களுடைய சொந்தக் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது. திங்கள்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர்களுடைய அத்தாவான பாய் மாமா, "அந்தக் காசத் தொட வேணாம், திருப்பிக் கேட்டாலும் கேப்பாக" என்று சொல்லிவிட்டாராம். உத்தரவு வருகிற வரைக்கும் யாரும் தொடவில்லை. கல்யாணம் தள்ளிப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்களாம். ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் அந்த இரண்டு வருஷமும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். "அத்தா வாயத் தொறந்து எங்ககிட்ட ஒரு வார்த்த பொலம்பல" என்றார்கள். பத்திரிகையில் மறைந்த தாத்தாவின் பெயரை எந்த இடத்தில் போடுவது என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கம்ப்யூட்டர் திரை சரியாகத் தெரியவில்லை.

மனுக் கொடுத்த அன்றைக்கு ஊருக்குத் திரும்புகிற பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.  நான் கொடுத்த பிஸ்கட்டை வாங்கவில்லை. முகத்தை வெளியே திருப்பி வைத்திருந்தார், ஆனால் துண்டால் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துபோயிற்று. இனி மறைத்துப் பயன் இல்லை. பெட்டிகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அழாதீகப்பா. ரெண்டு மண்ணையும் நாந்தான் கலந்துட்டேன். இனிமே செய்ய மாட்டேன்ப்பா."